கடைக் கொப்பிக்கு ஒரு வருடம்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் உரம், புடவை, பலசரக்கு என எதை விற்கும் கடையானாலும், மேசை லாச்சிக்குள் கிடக்கும் கடன் கொப்பியில்தான் முதலின் பெரும்பகுதி முடங்கிக் கிடக்கிறது. வழக்கிடுவதற்கான காலவரையறையை விதிக்கும் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, விற்றுக் கொடுத்த பொருளுக்கும் கொப்பிக் கடனுக்கும், பணம் செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஒரே ஒரு வருடத்தையே அளிக்கிறது. கையெழுத்திட்ட புரோநோட்டுக்கு அதே சட்டம் 6 வருடம் தருகிறது.

இப்பகுதியில் தவணை திகதியால் குறிக்கப்படுவதில்லை; 'வெள்ளாமை வெட்டினதும் தாறன்' என்ற சொல்லே தவணை. பெரும்போக விதைப்புக்கு வாங்கிய உரத்தின் பணம் மாசி, பங்குனி அறுவடையில் வரவேண்டியிருக்க, வெள்ளம் வயலை அழித்தால் அது சிறுபோகத்துக்கும், அதுவும் பொய்த்தால் அடுத்த பெரும்போகத்துக்கும் தள்ளிப்போகிறது. அதற்குள் சட்டத்தின் வருடம் முடிந்துவிடலாம். எந்நாளில் பணம் செலுத்தப்பட வேண்டியதாயிற்று என்பதே பின்னர் வழக்கின் முதற் பிணக்காகிறது. ஆகவே வழக்கறிந்த சட்டத்தரணி முதலில் கேட்க வேண்டியது தொகையை அன்று, கடனாளி கடைசியாகப் பணம் கட்டிய அல்லது கையெழுத்து வைத்த நாளையே. கடனை ஏற்றுக்கொண்டு அவர் இடும் கையெழுத்தோ, கணக்கில் அவர் கட்டும் ஒரு சிறு தொகையோ காலக்கணக்கைப் புதிதாகத் தொடங்க வைக்கக்கூடும்.

கடனை எழுதிச் சாட்சி வைக்கப் பணிக்கும் 2:282 தான் அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம். நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வது 2:280. கரையோர முஸ்லிம் வணிகர் பிந்தியதைப் பேணுமளவுக்கு முந்தியதைப் பேணுவதில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி, முதலில் மத்தியஸ்த சபைக்கே செல்ல வேண்டும். அங்கு இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்காது. புரோநோட்டோ திரும்பிய செக்கோ கையிலிருப்பவருக்குக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை சுருக்க நடவடிக்கை ஒன்றை வைத்திருக்கிறது; அதில் நீதிமன்றத்தின் அனுமதி பெறாமல் பிரதிவாதி எதிர்வாதம் செய்ய இயலாது. தீர்ப்புக் கிடைத்த பின்னும் பிஸ்கால் எனப்படும் நீதிமன்ற அலுவலர் கண்ணில் பட்ட யாவற்றையும் கைப்பற்றிவிட முடியாது; உடுப்பு, படுக்கை, தொழிற்கருவி போன்றவை விலக்களிக்கப்பட்டவை என்பதால், மருதமுனை நெசவாளரின் தறி கடனுக்காக ஏலத்துக்கு வருவது எளிதன்று.

வங்கிகளின் நிலையோ முற்றிலும் வேறு. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், ஈடுவைத்த சொத்தை, வழக்கே தொடுக்காமல், பணிப்பாளர் சபைத் தீர்மானம் ஒன்றின் மூலம் ஏலத்தில் விற்க அவற்றுக்கு இடமளிக்கிறது. 'பராட்டே' எனப்படும் இவ்வதிகாரம் 2024 இல் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டபோது, வங்கிகளுக்குக் கடன்பட்டிருந்த வணிகர்கள் மூச்சு விட்டனர்.

நாடே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென 2022 ஏப்ரலில் அறிவித்ததோடு 'வங்குரோத்து' என்ற சொல் தேநீர்க் கடைப் பேச்சிலும் புகுந்துகொண்டது. தனிமனித வங்குரோத்துக்கெனப் பிறந்த சட்டமோ 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மாவட்ட நீதிமன்றம் கடனாளியின் சொத்தைப் பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படைக்க, அவர் அதைத் திரட்டி விற்று, கடன் கொடுத்தோருக்கு விகிதப்படி பங்கிடுவதே அதன் ஏற்பாடு. வயலை ஈடாகப் பிடித்த வங்கி தன் பணத்தை அந்த வயலிலிருந்தே முதலில் எடுத்துக்கொள்ள, உரம் கொடுத்த கடைக்காரர் எஞ்சியதில் பங்கு கேட்டு, திகதியில்லாத கொப்பியோடு மற்றவர்களுடன் வரிசையில் நிற்கிறார்.