தோம்பில் ஏறிய மதம்

வரலாற்று வியூக விளையாட்டு என்பது, ஓர் அரசின் கருவூலம், படை, குடிகள் ஆகிய அனைத்தையும் விளையாடுபவர் நூற்றாண்டுக் கணக்கில் நடத்திச் செல்லும் கணினி விளையாட்டு ஆகும். சுவீடனின் பாரடொக்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட 'யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4' இவ்வகையில் பலரும் அறிந்தது. அதில் ஒரு மாகாணத்துக்கு மதபோதகர் அனுப்பப்பட்டால் மாதந்தோறும் சிறு விழுக்காடு சேர்ந்துகொண்டே வந்து, நூறு நிறைந்த நாளில் மாகாணம் முழுவதும் ஒருசேர மதம் மாறிவிடுகிறது. இவ்வேகம் கூடினால் பேரரசுகள் தடையின்றிப் பெருகும், குறைந்தால் போதகரை அனுப்புவதில் பயனிராது என்பதால், வளமிக்க மாகாணங்களில் வேகத்தைத் தணித்தும், போதனைக் காலத்தில் கலக வாய்ப்பை உயர்த்தியும் விதிகள் சமன்செய்யப்பட்டுள்ளன.

இச்சமன்பாட்டில் விடுபட்டதை இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியும் அதன் அயலும் தெளிவாகக் காட்டுகின்றன. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, தேவாலயந்தோறும் பள்ளிக்கூடம் வைத்து, ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் 'பள்ளித் தோம்பு' எனும் பதிவேட்டில் எழுதிவந்தனர். அரச உத்தியோகத்துக்கு அப்பதிவு வேண்டியிருந்தமையால், வீட்டில் சைவராகவே வாழ்ந்தோரும் தோம்பில் கிறிஸ்தவராயினர். விளையாட்டின் கணக்கில் இது நூறு விழுக்காடு வெற்றியாகும். எனினும் 1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாகி நிர்ப்பந்தம் தளர்ந்தபின், அக்கூட்டத்தில் மிகச்சிலரே எஞ்சினர்.

தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கமோ அழியவில்லை. மாந்தையிலிருந்து சுமார் இருபது குடும்பங்கள் 1670இல் மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு, ஒல்லாந்தரின் கைக்கு எட்டாத வன்னிக் காட்டில் மருதமடுவுக்கு வந்து சேர்ந்தனர் என்பது மடுக் கோயிலின் மரபு. கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கிய யோசேவாஸ் அடிகளார், எந்த அரசின் கருவூலமும் துணையிராமலே மறைந்து திரிந்து கத்தோலிக்கச் சபையை உயிர்ப்பித்தார். 2015இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

ஆகவே ஒரு மாகாணத்துக்கு ஒரே எண் என்னும் முறை போதாது. தோம்பை அளக்கும் எண் ஒன்றும் உள்ளத்துப் பற்றை அளக்கும் எண் ஒன்றும் தனித்தனியே வேண்டும். முன்னது அரசின் செலவால் விரைந்து ஏறி அச்செலவு நின்றதும் சரிய, பின்னது தலைமுறை கடந்து மெல்ல நகர வேண்டும். ஒடுக்குமுறை எல்லை மீறினால் குடிகள் கலகம் செய்வதோடன்றி அயல் நாட்டுக் காட்டுக்குள் இடம்பெயரவும், அவர்களை அரசன் அனுப்பாத போதகர் ஒருவர் தேடி வரவும் விதியில் வழி இருத்தல் வேண்டும்.