ஹேஷ்டேக் எண்ணிக்கை: எதை எண்ணுகிறோம்?



“இந்த ஹேஷ்டேக்கை மூன்று லட்சம் பேர் பகிர்ந்தனர்” என்பது போன்ற வரிகளைச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். படித்தவுடனே ஒரு பெருங்கூட்டம் நம் மனக்கண்முன் வந்து நிற்கிறது. ஆனால் பெரும்பாலும் அந்த எண் பதிவுகளைக் குறிப்பது. ஒருவரே நூறு பதிவு போட்டிருக்கலாம். ஒரே பதிவை ஆயிரம் பேர் சொல் மாற்றாமல் மறுபகிர்வு செய்திருக்கலாம். எல்லாம் சேர்ந்துதான் அந்த மூன்று லட்சம்.

ஹேஷ்டேக் என்பது ஒரு சொல்லின் முன் # குறியைச் சேர்ப்பது, அவ்வளவுதான். 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா என்னும் அமெரிக்கர் ட்விட்டரில் இதை முன்மொழிந்தார். அதே ஆண்டு அக்டோபரில் சான் டியாகோ பகுதியில் காட்டுத்தீ பரவியபோது, தீ பற்றிய செய்திகளை ஒன்றுசேர்க்க மக்கள் இதைப் பயன்படுத்தினர். 2009-இல் ட்விட்டர் நிறுவனமே ஹேஷ்டேக்கைச் சொடுக்கக்கூடிய இணைப்பாக மாற்றியது. அதன் பிறகுதான் எண்ணும் பழக்கமும் வளர்ந்தது.

எண்ணுவது எளிது என்றே தோன்றும். நம் பக்கத்து உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். இராஜபாளையத்திற்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள அய்யனார் கோவிலுக்கும் அங்குள்ள அருவிக்கும் எத்தனை பேர் வந்து படம் பகிர்ந்தார்கள் என்று அறிய விரும்புகிறோம் என வைத்துக்கொள்வோம். ‘அய்யனார் கோவில்’ என்று தேடினால், தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களின் அய்யனார் கோவில்கள் வந்து நிற்கும். சரி, ஊர்ப் பெயரைச் சேர்ப்போம் என்று ‘ராஜபாளையம்’ என்று தேடினால் நாய்கள் வரும்! 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட புகழ்பெற்ற நாய் இனத்திற்கும் அதே பெயர்தானே. பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரை எடுத்தால் ஆண்டாள் கோவில் கோபுரமும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவும் முந்திக்கொள்ளும். போதாக்குறைக்கு, அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் எழுதுவது போல இன்னொருவர் எழுதுவதில்லை. கோவில், கோயில் என்ற வேறுபாடு தமிழிலேயே உண்டு. கணினிக்கு ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ஹேஷ்டேக். இன்னொன்று: அருவிக்கு வந்துவிட்டு எதையும் பகிராமல் வீடு திரும்பியவர்கள் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

ஆகவே இதை முறையாகச் செய்பவர்கள் முதலில் எல்லா எழுத்து வடிவங்களையும் பட்டியலிடுகிறார்கள். எந்த நாள் எந்த மணி முதல் எதுவரை என்று வரையறுக்கிறார்கள். மூலப் பதிவையும் மறுபகிர்வையும் பிரிக்கிறார்கள். பிறகு, எத்தனை தனித்தனிக் கணக்குகள் என்று பார்க்கிறார்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது என்பது என் கருத்து. செய்திகளில் பெரும்பாலும் காணாமல் போவதும் அதுதான்.

2019 பிப்ரவரி 10 அன்று பிரதமர் மோடி திருப்பூருக்கு வந்தபோது ட்விட்டரில் இரண்டு ஹேஷ்டேக்குகள் மோதின. ஒன்று அவரைத் திரும்பிப் போகச் சொன்னது, மற்றது தமிழ்நாடு அவரை வரவேற்பதாகச் சொன்னது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கவுன்சிலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இவற்றை எண்ணிப் பார்த்தனர். வரவேற்பு ஹேஷ்டேக் ஏழரை லட்சம் முறைக்கு மேல், எதிர்ப்பு ஹேஷ்டேக் நான்கு லட்சம் முறைக்கு மேல்! அப்படியானால் வரவேற்றவர்களே அதிகம் என்று முடிவு கட்டலாமா? ஆய்வாளர்கள் அங்கே நிற்கவில்லை. ஒரு கணக்கு சராசரியாக எத்தனை முறை பதிவிட்டது, மறுபகிர்வு எவ்வளவு, மிகச் சுறுசுறுப்பான 50 கணக்குகளின் பங்கு எவ்வளவு என்று மூன்றையும் அளந்தார்கள். இரு தரப்பிலும் செயற்கையாக ஊதிப் பெருக்கியதன் அடையாளங்கள் தெரிந்தன. வரவேற்பு ஹேஷ்டேக்கில் அது மிகவும் கூடுதலாக இருந்தது. ஐம்பது பேர் ஆளுக்கு ஆயிரம் முறை பதிவிட்டால் ஐம்பதாயிரம் ஆகிவிடும். பார்ப்பவருக்கு அது ஒரு ஊரே திரண்டது போலத் தோன்றும்.

‘டிரெண்டிங்’ பட்டியல் வேறு சங்கதி. அது மொத்த எண்ணிக்கையை விட வேகத்தையே பெரிதும் கவனிக்கிறது. திடீரென்று பாய்ந்து எழுவது மேலே வரும், ஆண்டுக்கணக்கில் சீராகப் பேசப்படுவது வராது. 2019 மே மாதம், ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த நேசமணி பாத்திரத்துக்காகப் ‘பிரார்த்தனை’ செய்யச் சொல்லும் ஹேஷ்டேக் உலகளவில் ஏறியது. சுத்தியல் தலையில் விழுந்த கற்பனை மனிதர் அவர்! சிரித்து மகிழ்ந்தோம், நல்லது. குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்பவர்களுக்கு அத்தகைய பாய்ச்சல் கிடைப்பது அரிது. அவர்களுடைய துன்பம் தினமும் இருப்பதாயிற்றே.

இப்போது வெளியார் எண்ணிச் சரிபார்ப்பதும் கடினமாகிவிட்டது. ட்விட்டர் (2023 ஜூலை முதல் ‘எக்ஸ்’) 2023-இல் தன் தரவுகளுக்கான பழைய இலவச வழியை மூடியது. முகநூல் பதிவுகளை ஆய்வாளர்கள் பின்தொடர உதவிய கிரவுட்டேங்கிள் என்னும் கருவியை மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் நிறுத்தியது.

எண்ணிக்கைக்குப் பயனே இல்லை என்பதல்ல இதன் பொருள். 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்ததாகக் கைது செய்யப்பட்டார்கள். 22-ஆம் தேதி இரவு மகனும், 23-ஆம் தேதி காலை தந்தையும் இறந்தார்கள். நீதி கேட்டு எழுந்த ஹேஷ்டேக் நாடெங்கும் பரவியது. அதுவும் ஒரே வடிவில் இல்லை. ஜயராஜ் என்றும் ஜெயராஜ் என்றும், பென்னிக்ஸ் என்றும் ஃபெனிக்ஸ் என்றும் பெயர்கள் பிரிந்தன. ஏதாவது ஒரு வடிவத்தை மட்டும் எண்ணியவருக்கு அந்தக் கோபத்தின் ஒரு துண்டே தெரிந்திருக்கும். தமிழ் அறியாதவர்களும் தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைக் கேட்டது அந்த நாள்களில்தான்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர், காவல் நிலையத்தின் கண்காணிப்புக் கேமரா பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அந்த இரவின் காட்சி கிடைக்கவில்லை. அங்கே பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், இருவரும் விடிய விடிய அடிக்கப்பட்டதையும் லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்ததையும் நடுவரிடம் அச்சத்தோடு சொன்னார்.