கோதா மண்ணிலிருந்து ஒலிம்பிக் மேடைக்கு

சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் போட்டியில் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை ஈட்டித் தந்தவர் ஒரு கிராமத்து மல்லர். கஷாபா தாதாசாகேப் ஜாதவ் என்னும் அவ்வீரரின் வாழ்க்கை, திறமைக்கும் அதனைப் பேணும் ஏற்பாடுகளுக்கும் உள்ள தொடர்பை நன்கு விளக்குகிறது.

மகாராஷ்டிர மாநிலம் சாத்தாரா மாவட்டத்தில், கராட் அருகேயுள்ள கோலேஷ்வர் கிராமத்தில் 1926 ஜனவரி 15 அன்று ஜாதவ் பிறந்தார். தந்தையாரும் மல்லரே. எனவே இளமையிலேயே அவருக்குக் கோதா பழக்கமாயிற்று. கோலாப்பூர் இராஜாராம் கல்லூரியில் பயின்றபோது அவரது ஆற்றல் வெளிப்பட்டது. கோலாப்பூர் மன்னர் குடும்பம் நெடுங்காலமாக மல்யுத்தத்தை ஆதரித்து வந்ததாகும்.

மண்ணும் விரிப்பும்

நம் நாட்டு மரபுவழி மல்யுத்தம் பதப்படுத்திய மண்ணில் நடைபெறுவது. எதிராளியை மல்லாத்துவதே அதில் வெற்றி. ஒலிம்பிக் மல்யுத்தமோ மெத்தை விரிப்பின்மீது, எடைப் பிரிவு வாரியாக, குறித்த கால வரம்புக்குள் நடைபெறுகிறது. கிரேக்க-ரோமானிய முறையில் இடுப்புக்குக் கீழே பிடித்தல் கூடாது. 'ஃப்ரீஸ்டைல்' முறையில் கால்களையும் பிடிக்கலாம். மண்ணில் பழகிய கால்களுக்கு விரிப்பு புதியது. அதன் விதிகளும் புதியவை.

1948 இலண்டன் ஒலிம்பிக்கில் ஜாதவ் இக்குறையுடனேயே களமிறங்கினார். அவரது பயணச் செலவைக் கோலாப்பூர் மகாராஜா ஏற்றார். அமெரிக்கப் பயிற்சியாளர் ரீஸ் கார்ட்னர் அவருக்குப் பயிற்சி அளித்தார். 'ஃப்ளைவெயிட்' பிரிவில் அவர் 6ஆவது இடம் பெற்றார்.

ஹெல்சிங்கி வெற்றி

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற்குச் செல்லப் பணமின்றி அவர் தவித்தார். கிராமத்தார் நிதி திரட்டினர். கல்லூரி முதல்வர் கர்டிகர் தம் வீட்டை அடமானம் வைத்து ரூ. 7,000 கொடுத்து உதவினார். 57 கிலோ 'பாண்டம்வெயிட்' பிரிவில் கனடா, மெக்சிகோ, ஜெர்மனி வீரர்களை ஜாதவ் வென்றார். ஜப்பானின் ஷோஹாச்சி இஷீயிடமும், சோவியத் வீரர் ரஷீத் மம்மத்பேயோவிடமும் தோற்று, வெண்கலப் பதக்கம் பெற்றார். இரு கடும் போட்டிகளுக்கிடையே உரிய ஓய்வு அவருக்குத் தரப்படவில்லை என்றும், அதனை எடுத்துரைக்க இந்திய அதிகாரி எவரும் அங்கில்லை என்றும் கூறப்படுகிறது.

ஊர் திரும்பிய வீரரை நூற்றுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகளின் ஊர்வலம் வரவேற்றது. பின்னர் மல்யுத்தப் போட்டிகளை நடத்தி, அவற்றில் கிடைத்த பணத்தைக் கொண்டு முதல்வரின் வீட்டை அவர் மீட்டுக் கொடுத்தார்.

காலம் கடந்த மரியாதை

1955இல் காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்த ஜாதவ், உதவி ஆணையராக ஓய்வு பெற்றார். 1984 ஆகஸ்டு 14 அன்று சாலை விபத்தில் மறைந்தார். அர்ஜுனா விருது அவரது மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது. 2010 காமன்வெல்த் விளையாட்டுகளையொட்டி, தில்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தின் மல்யுத்த அரங்கிற்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.

அடுத்த தனிநபர் பதக்கத்திற்கு நாடு 1996 வரையிலும், மல்யுத்தப் பதக்கத்திற்கு 2008 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது. திறமைக்குக் கிராமங்களில் என்றுமே பஞ்சமில்லை. விரிப்பும், பயிற்சியாளரும், பயணச் செலவும் ஒருவரது வீட்டு அடமானத்தை நம்பியிராத நிலையே விளையாட்டு வளர்ச்சியின் அடித்தளமாகும்.