பார்ப்பது எப்போது நோயாகிறது?

“நரம்புத் தளர்ச்சியா இருக்கு டாக்டர்.” பாலியல் சந்தேகங்கள் நம் ஊர்ப் பக்கம் பெரும்பாலும் இந்தப் பெயரில்தான் மருத்துவரிடம் வந்து சேர்கின்றன. முதுகு வலி, உடம்புச் சூடு, ஞாபக மறதி என்று சுற்றி வளைத்த பிறகுதான் உண்மையான கேள்வி வெளியே வரும்: “போன்ல அந்த மாதிரிப் படம் பார்க்கிறேன். விட முடியலை. அதுக்கு அடிமையாயிட்டேனா?” காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்காரும் இளைஞனும் கேட்கலாம், ஒரகடத்துத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து அறைக்குத் திரும்புகிறவனும் கேட்கலாம். கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் நோய்களை வகைப்படுத்தி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாட்டை மீறிய பாலியல் நடத்தையை அதில் ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறார்கள். கட்டுக்கடங்காமல் ஆபாசப் படம் பார்ப்பதும் இதற்குள் வரும். ஆனால் மது, சூதாட்டம், கணினி விளையாட்டு ஆகியவை இருக்கும் அடிமைப் பழக்கங்களின் பிரிவில் இதை வைக்கவில்லை. உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் பிரிவில் வைத்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலோ இது இன்னும் தனி நோயாக இடம்பெறவே இல்லை.

ஏன் இந்தத் தயக்கம்? 2014இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வலேரி வூன் குழுவினர், இந்தப் பழக்கத்தில் சிக்கிக்கொண்ட ஆண்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். காட்சிகளைக் கண்டதும், போதைப் பழக்கத்தில் தூண்டப்படும் அதே பகுதிகள் அவர்களுக்குக் கூடுதலாகத் தூண்டப்பட்டன. படம் வேண்டும் என்ற தவிப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது, ஆனால் ரசிப்பு அந்த அளவுக்கு ஏறவில்லை. அடுத்த ஆண்டே நிக்கோல் ப்ராஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து இதற்கு மாறான முடிவை வெளியிட்டார். போதை என்ற பெயர் பொருந்துமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. சிலருக்கு இது கையை மீறிப் போகிறது, அவர்களுக்கு உதவி தேவை என்பதில் மட்டும் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

கையை மீறுவது என்றால் என்ன? வாரத்துக்கு இத்தனை முறை பார்த்தால் நோய் என்று எந்தக் கணக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் இல்லை. ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கிறதா, விட முயன்று முயன்று தோற்கிறீர்களா, வேலையும் குடும்பமும் தூக்கமும் கெடுகின்றனவா, பெரிதாக இன்பம் கிடைக்காதபோதும் தொடர்கிறீர்களா என்றுதான் அது பார்க்கச் சொல்கிறது. விடிய விடியப் பார்த்துவிட்டுப் பகலில் தறியில் தூங்கி வழிந்து, கூலிச் சேலை வாராவாரம் பின்தங்கி, மனைவியிடம் பேச்சே குறைந்து, அப்படியும் இரவானால் கை தானாகப் போனைத் தேடுகிறது என்றால் அது கவனிக்க வேண்டிய நிலை. எப்போதாவது பார்த்துவிட்டு மறுநாள் தன் வேலையைப் பார்க்கிறவர் நோயாளி இல்லை.

அந்த வரையறையில் இன்னொரு வரி இருக்கிறது. நம் ஊருக்கு அதுதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். இது தவறு என்ற ஒழுக்க உணர்வினால் மட்டுமே ஒருவருக்கு மன உளைச்சல் என்றால், அதை வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது. ஜோஷுவா க்ரப்ஸ் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார். பார்ப்பது பாவம் என்று ஆழமாக நம்புகிறவர்கள், குறைவாகப் பார்த்தாலும் தங்களை அடிமைகள் என்று எண்ணிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்பது அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. கார்த்திகையில் மாலை போட்டு, விரதத்துக்கு நடுவில் ஒருநாள் பார்த்துவிட்டு, “நான் கெட்டுப்போயிட்டேன்” என்று நொறுங்கிப்போகும் பையனை நினைத்துப் பாருங்கள். அவன் நம்பிக்கையை மதிக்க வேண்டும், அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவன் தலையில் நோயாளிப் பட்டத்தையும் ஏற்றிவிடக் கூடாது.

நெசவாளர் வீடுகளின் அமைப்பையும் சொல்ல வேண்டும். கூடத்தைத் தறி எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய இடத்தில்தான் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் புழங்க வேண்டும். தனக்கென்று ஒரு மூலைகூட இல்லாத வயசுப் பிள்ளைக்குக் கைப்பேசி ஒன்றுதான் அந்தரங்கம். பாலியலைப் பற்றிப் பேச வீட்டிலும் ஆளில்லை, பள்ளியிலும் ஆளில்லை. அப்போது அந்தப் படமே வாத்தியாராகிவிடுகிறது. அது சொல்லித்தருவதில் பாதிக்கு மேல் பொய். வெட்டி ஒட்டிய காட்சிகள், தேர்ந்தெடுத்த உடல்கள், சம்மதம் கேட்காத உறவுகள். அதைப் பார்த்துத்தான் “என்னுடையது சின்னதா?” என்ற கவலை பிறக்கிறது. 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, விறைத்த நிலையில் சராசரி நீளம் சுமார் 13 சென்டிமீட்டர் என்கிறது. கவலைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் இயல்பான அளவுக்குள்தான் இருப்பார்கள்.

இந்தக் கவலையை வைத்துத்தான் லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவர்களின் பிழைப்பு நடக்கிறது. ஒரு சொட்டு விந்து பல சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு முதலீடு. விந்து போனால் உயிர்ச்சத்தே போகிறது என்ற பயத்தால் வரும் சோர்வையும் படபடப்பையும் ‘தாத் நோய்க்குறி’ என்று 1960இல் இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் விவரித்தார். நோயை உண்டாக்குவது விந்து வெளியேறுவதல்ல, அதைப் பற்றிய பயம். விந்து உடலில் ஓயாமல் உற்பத்தியாகிக்கொண்டே இருப்பது. சுயஇன்பத்தால் நரம்பு தளராது, ஆண்மை போகாது, குழந்தைப் பேறும் கெடாது. பாலியல் திறனைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய வைத்தியங்கள் சட்டமே தடை செய்கிறது. அப்படியும் லேகியத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டுக் கடனில் நிற்கும் பிள்ளைகளை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

உண்மையாகவே விறைப்புக் குறைந்தால் முதலில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது நீரிழிவு அல்லது இதய நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். படம் பார்த்ததால்தான் இப்படி ஆனது என்று சொல்லுமளவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. கணவர் பார்க்கிறார் என்று தெரிந்து, என்னிடம்தான் ஏதோ குறை என்று அழும் பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் பழக்கம் உங்கள் தோற்றத்தால் வந்ததல்ல. படத்தில் வருவதைச் செய்யச் சொன்னால் மறுப்பது உங்கள் உரிமை.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே முடியாது. குழந்தைகள் தொடர்பான பாலியல் காட்சிகளைக் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்த சென்னை இளைஞர் ஒருவர் மீதான வழக்கை, 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். ஆபாசப் படங்களுக்கு அடிமையாகும் இளைய தலைமுறையைத் தண்டிப்பதைவிட வழிகாட்டுவதே சமூகத்தின் வேலை என்று அப்போது குறிப்பிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று டி.ஒய்.சந்திரசூட், ஜே.பி.பர்திவாலா அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. குழந்தைகள் வரும் காட்சிகளைச் சேமித்து வைப்பது போக்சோ சட்டப்படி குற்றமாகும் என்றது, பாலியல் கல்வி தேவை என்றும் வலியுறுத்தியது. வழிகாட்ட வேண்டும் என்ற உயர் நீதிமன்றத்தின் அக்கறை நியாயமானது. ஆனால் அந்தக் காட்சி ஒவ்வொன்றும் ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையின் பதிவு. பார்ப்பவரின் பழக்கம் என்று அதைச் சுருக்க முடியாது. வாட்ஸ்அப் குழுவில் அப்படி ஒன்று வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், வைத்துக்கொள்ளாதீர்கள், காவல் துறைக்கோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ தெரிவியுங்கள்.

சிகிச்சை பெரும்பாலும் பேச்சுதான். எந்த நேரத்தில், எந்த மனநிலையில் போனைத் தேடுகிறீர்கள் என்று உளவியல் ஆலோசகர் உங்களோடு சேர்ந்து கண்டுபிடிப்பார். பலருக்கு அடியில் தனிமை, மனச்சோர்வு, குடி என்று வேறொன்று இருக்கும். அதைச் சரிசெய்தால் இதுவும் தணியும். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படலாம். படுக்கும்போது போனைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டு வருவது எளிய தொடக்கம். நடுவில் ஒருநாள் தவறினால் அதுவரை செய்ததெல்லாம் வீணாகிவிடாது.

14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமானால் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைக்குப் போய், புறநோயாளிச் சீட்டு வாங்கும் இடத்தில் “மனநலப் பிரிவு” என்று மட்டும் சொன்னால் போதும். என்ன பிரச்சினை என்று அங்கே விளக்க வேண்டியதில்லை. பாதுகாப்பில்லாத உறவு ஏதும் நடந்திருந்தால், அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். அதுவும் இலவசம், முடிவை உங்களிடம் மட்டுமே சொல்வார்கள்.