கணிப்பொறியும் கூடிச் செய்யும் வழக்கமும்

ஊராட்சிகளின் திட்டங்களையும் வரவு செலவையும் பதிவு செய்வதற்கென ‘இ-கிராம் ஸ்வராஜ்’ என்னும் இணைய ஏற்பாட்டை மத்திய அரசு 2020 ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கிற்று. அப்பதிவுகளைப் பொதுமக்களும் பார்வையிடலாம். ஆயினும், கருவி வந்த மாத்திரத்தில் கூட்டு வேலை வந்துவிடுவதில்லை.

கணக்கேட்டை அலமாரியில் பூட்டிவைத்துப் பழகிய அலுவலகத்தில் கணிப்பொறியும் மற்றோர் அலமாரியே. கேள்வி கேட்பவரைப் பகைவராகக் கருதும் இடத்தில் எந்த உறுப்பினரும் அதை அணுகத் துணியார். கூட்டந்தோறும் கணக்கை வாசித்து, முகஞ்சுளிக்காமல் விடை கூறும் ஊராட்சியிலோ, நடவாத வேலைக்குச் செலவு காட்டப்பட்டிருந்தால் உறுப்பினரே கண்டு கேட்பார். பிழையும் உடனே திருத்தப்படும்.

ஆகவே, நாம் முதலில் மாற்ற வேண்டுவது பழக்கத்தையே. அடுத்த கிராம சபைக்கு முன் ஒன்றாக அமர்ந்து, நம் ஊர்ப் பதிவைத் திறந்து, ஒவ்வொரு செலவையும் நேரில் கண்ட வேலையோடு ஒப்பிட்டுப் பார்ப்போமாக.