வீட்டுக்கு வருவது பிசியோதெரபிஸ்ட்டா, உதவியாளரா? வித்தியாசம் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம்?

அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை, அப்பாவுக்குப் பக்கவாதம், உங்களுக்கே தீராத முதுகுவலி. எதுவாக இருந்தாலும் இப்போது பெருநகரங்களில் போனில் புக் செய்தால் 'பிசியோ' வீட்டுக்கே வந்துவிடுகிறார். ஆனால் வருபவர் பட்டம் பெற்ற பிசியோதெரபிஸ்ட்டா, அவருக்குக் கீழே வேலை செய்யும் உதவியாளரா என்று பெரும்பாலும் நாம் கேட்பதில்லை. இரண்டு பேரும் ஒரே உடற்பயிற்சியைத்தான் செய்ய வைக்கிறார்கள், அப்புறம் என்ன வித்தியாசம்?

யார் என்ன செய்யலாம்?

சுருக்கமாகச் சொன்னால், முடிவெடுப்பது பிசியோதெரபிஸ்ட். அதைச் செயல்படுத்துவது உதவியாளர்.

நோயாளியைப் பரிசோதிப்பது, பிரச்னை எங்கே என்று கண்டறிவது, எந்தப் பயிற்சி எத்தனை முறை என்று திட்டம் போடுவது, அதை மாற்றுவது, எப்போது நிறுத்தலாம் என்று சொல்வது எல்லாம் பிசியோதெரபிஸ்ட்டின் பொறுப்பு. அந்தத் திட்டப்படி மூட்டுகளை மடக்கி நீட்டுவது, வாக்கர் பிடித்து நடக்கப் பழக்குவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, ஹாட் பேக் வைப்பது, நாடித் துடிப்பையும் வலியின் அளவையும் குறித்து வைப்பது, குடும்பத்தினருக்குச் சொல்லிக் கொடுப்பது ஆகியவை உதவியாளரின் வேலை.

இது சின்ன வேலை இல்லை. நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர் பல இடங்களில் உதவியாளர்தான். நேற்று பத்து அடி நடந்தவர் இன்று ஏன் நான்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்பது முதலில் அவர் கண்ணில்தான் படும். அதை உடனே பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்வதும் அவர் கடமை.

எல்லை மீறினால் என்ன ஆகும்?

நீண்டகால சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்கு ஹாட் பேக்கின் சூடு தெரியாது. தோல் வெந்த பிறகுதான் கவனிப்பார்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்கு, மருத்துவரைக் கேட்காமல் மின் தூண்டல் கருவியை மாட்டுவது ஆபத்து. பக்கவாதத்தில் தளர்ந்துபோன கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு விலகலாம்.

இன்னொன்று முக்கியம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். 'பிடிப்புதான், தேய்த்தால் சரியாகிடும்' என்று மசாஜ் செய்யக்கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே இது தனித் தொழில். இந்தப் பதவிக்கான படிப்பில் முதல் அணி படித்து வெளியே வந்தது 1969இல். இப்போது சுமார் இரண்டு ஆண்டுப் படிப்பு, தேசிய அளவில் தேர்வு, அதன் பிறகு மாநில உரிமம் அல்லது சான்று. பிசியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய முடியும். பில்லிலும் வித்தியாசம் தெரியும். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், வெளிநோயாளி சிகிச்சையை உதவியாளர் கொடுத்தால் வழக்கமான தொகையில் 85 சதவீதம்தான் தருகிறது. 2022 ஜனவரியிலிருந்து இந்த நடைமுறை.

இந்தியாவில்?

இங்கே கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. டிப்ளமோ முடித்தவர், சில மாத சான்றிதழ் படிப்பு முடித்தவர், கிளினிக்கிலேயே பார்த்துப் பழகியவர் என எல்லோரும் உதவியாளராக வேலை பார்க்கிறார்கள். வீட்டுக்கு வரும்போது எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: 'பிசியோ'.

இந்தத் துறைகளை ஒழுங்குபடுத்த 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மருத்துவம் சார்ந்த பணியாளர்களை அது இரண்டாகப் பிரிக்கிறது. சிகிச்சைக்குத் துணை நிற்கும் டெக்னீஷியன் போன்றவர்களுக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு. பிசியோதெரபிஸ்ட் போல நோயாளியை மதிப்பிட்டுத் திட்டமிடுபவர்களுக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில் பட்டியலிலும் பிசியோதெரபிஸ்ட்டின் எண் 2264, உதவியாளரின் எண் 3255.

நீங்கள் என்ன கேட்க வேண்டும்?

முதல் நாளே இதைக் கேட்டுவிடுங்கள்:

• உங்கள் படிப்பு என்ன? பதிவு எண் இருக்கிறதா?

• முதல் பரிசோதனையைச் செய்தது யார்? திட்டம் எழுத்தில் இருக்கிறதா?

• உதவியாளர் என்றால், மேற்பார்வை செய்யும் பிசியோதெரபிஸ்ட் யார்? அவர் மறுபடி எப்போது வந்து பார்ப்பார்?

• திடீரென வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் யாரைக் கூப்பிடுவது?

சர்க்கரை நோய், பேஸ்மேக்கர், ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை ஆகியவற்றை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம். பயிற்சி பெற்ற உதவியாளர், தன் எல்லைக்கு வெளியே உள்ள விஷயம் என்றால் 'மேடம்கிட்ட கேட்டுட்டு செய்றேன்' என்றுதான் சொல்வார். அப்படிச் சொல்பவரை நம்பி அப்பா, அம்மாவை ஒப்படைக்கலாம்.