ஊற்றும் முன் ஒரு கணக்கு

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வார்ப்படம் செய்யும் பவுண்டரிகளுக்குப் பழகிப்போன சண்டை ஒன்று உண்டு. சரக்கெடுக்க வந்தவர் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, வார்த்த பம்ப் இம்பெல்லரில் வைப்பார். லேசாக ஒட்டும். “316 என்று சொல்லி எதையோ தலையில் கட்டுகிறீர்களே!” என்று குரல் உயரும். தகடாக வரும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காந்தத்தைச் சட்டை செய்யாது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு இணையான சி.எஃப்.8எம் என்ற வார்ப்பு வகையில், இறுகும்போது சூட்டிலேயே விரிசல் விழாமலிருக்க, ஃபெரைட் என்ற படிக அமைப்பு கொஞ்சம் தங்கும்படி கலவையை அமைக்கிறார்கள். காந்தம் ஒட்டுவது அந்த ஃபெரைட்டில்தான். கலப்படம் எதுவும் இல்லை.

வார்ப்படத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, அலுமினியமா என்று முடிவெடுக்கும்போது இதைவிடப் பெரிய குழப்பம் கிலோ விலையில் இருக்கிறது. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஏறக்குறைய 8. ஒரு கிலோ அலுமினியம் நிரப்பும் அச்சை நிரப்ப ஸ்டீல் மூன்று கிலோ வேண்டும். கொட்டேஷனில் கிலோ ரேட்டை மட்டும் பார்ப்பவர் பீஸ் ரேட்டில் கோட்டை விடுகிறார்.

எது எங்கே பொருந்தும் என்பதற்கு, பம்ப்செட்டுக்குப் பேர்போன கோயம்புத்தூரில் வேறு உதாரணம் தேட வேண்டாம். ஒரு தண்ணீர் மோட்டாரே போதும். மோட்டாரின் வெளிக்கூட்டுக்கு உள்ளே உள்ள சூட்டை வெளியே தள்ளும் வேலை. வார்ப்பு அலுமினியம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட ஏழெட்டு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. அந்தக் கூட்டை எவர்சில்வரில் வார்த்தால் பார்க்கப் பளபளப்பாக இருக்கும். உள்ளே கம்பிச்சுருள் (காயில்) வெந்துபோகும். இம்பெல்லரின் பாடு வேறு. ஆழ்துளைக் கிணற்றின் மணலும் உப்பும் ஓயாமல் அதன் மேல் மோதுகின்றன. உப்பிலுள்ள குளோரைடு, உலோகத்தைப் புள்ளி புள்ளியாகக் குடையும். சி.எஃப்.8எம்மில் சேர்க்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் அதைத் தடுக்கவே. உப்புத் தண்ணீரில் அலுமினிய இம்பெல்லர் நெடுநாள் தாங்காது.

அதற்காக அலுமினியம் வெயில் மழைக்கு ஆகாது என்று சொல்லிவிட முடியாது. லண்டன் பிக்காடிலி சர்க்கஸில் 1893இல் நிறுவிய, அலுமினியத்தில் வார்த்த சிலை இன்றும் நிற்கிறது.

பலத்தைப் பற்றிய கணக்கு பலரை வியக்க வைக்கும். 7 சதவீத சிலிக்கனும் துளி மெக்னீசியமும் சேர்ந்த எல்.எம்.25 அலுமினியத்தைச் சூடேற்றிப் பதப்படுத்தினால், நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம் 200 மெகாபாஸ்கலை ஒட்டி வரும். சி.எஃப்.8எம்முக்குத் தரவிதி கேட்கும் குறைந்தபட்சம் 205தான்! வித்தியாசம் அந்தக் கட்டத்தைத் தாண்டிய பிறகு தெரியும். ஸ்டீல் 30 சதவீதமாவது நீண்டு கொடுக்கும். அலுமினிய வார்ப்பு இரண்டு மூன்று சதவீதத்திலேயே ஒடிந்துவிடும். சூடு 200 டிகிரியை நெருங்கினாலும் அலுமினியம் தளர ஆரம்பிக்கும். அடி வாங்கும் இடத்துக்கும் அனல் படும் இடத்துக்கும் ஸ்டீல்தான்.

பவுண்டரிக்குள் இரண்டும் இரண்டு உலகம். அலுமினியத்தை 700 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஊற்றிவிடலாம். ஆனால் உருகிய அலுமினியம் காற்றின் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனைக் குடிக்கும். இறுகும்போது அதைக் கக்கி, ஊசித் துளைகளை விட்டுவைக்கும். மழைக்காலத்தில் இந்தத் தொல்லை அதிகம். அதனால் ஆர்கானோ நைட்ரஜனோ செலுத்தி வாயுவை விரட்டிய பின், சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து வெற்றிடத்தில் உறையவிட்டு, அறுத்துப் பார்க்கிறார்கள். வெட்டுமுகம் பஞ்சுபோல் இருந்தால் ஊற்றக் கூடாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 1,550 டிகிரிக்கு மேல் வேண்டும். நுணுக்கமான இம்பெல்லர் என்றால் மெழுகு வார்ப்பு. சுவாமிமலை ஸ்தபதிகள் சிலைக்குச் செய்யும் அதே தத்துவம்தான். மெழுகு உருவத்தைச் செராமிக் குழம்பில் முக்கி, மணல் தூவி, காயவிட்டு, மறுபடி முக்கி, ஆறேழு பூச்சு ஏற்றுவதற்குள் நாட்கள் ஓடிவிடும். அப்புறம் லேத்தில் ஏற்றினால், வெட்ட வெட்ட இறுகும் குணத்தால் டூல் சீக்கிரம் மழுங்கும்.

எத்தனை பீஸ் என்பதும் முக்கியம். பைக் கிராங்க்கேஸ் போல லட்சக்கணக்கில் வேண்டுமென்றால் இரும்பு அச்சுக்குள் அலுமினியத்தை அழுத்தத்தோடு செலுத்தும் டை காஸ்டிங்கை எதுவும் மிஞ்ச முடியாது. ஸ்டீலின் சூட்டை அந்த அச்சு தாங்காது என்பதால் இந்த வழி அதற்குக் கிடையாது. பத்து பீஸுக்காக டை அடிப்பதோ வீண் செலவு. மரப் பேட்டர்னும் மணல் அச்சும் போதும்.

இரண்டையும் ஒரே இயந்திரத்தில் சேர்ப்பவர்கள் போல்ட்டைக் கவனிக்க வேண்டும். கடலோர ஊரில் அலுமினியக் கூட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டை நேரே முடுக்கினால், உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்து மின்கலமாகிவிடும். அரிபடுவது அலுமினியம்தான்: துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, மரை தின்றுபோய், போல்ட் கழற்ற வராமல் சிக்கும். இடையில் ஒரு நைலான் வாஷரும் ஸ்லீவும் போட்டு, மரையில் சீலன்ட் தடவிவிட்டால் அந்தச் சங்கடம் வராது.